அப்பாவின் ஒன்பது தம்பிகள்

சவூதியில் தம்மாமிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில், சுற்றிலும் மதில் எழுப்பிய கம்பெனிக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். இரண்டாயிரத்துகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினாறு வயது. குடியிருப்பின் நடுவே பச்சைப் புல்லோடு ஒரு கால்பந்து மைதானம், அதன் வாசலில் ஒரு பலகை. சாயங்காலமெல்லாம் சீனியர் ஸ்டாஃப் குடும்பங்களுக்கு. வெள்ளிக்கிழமை காலை மட்டும் ஜூனியர் ஸ்டாஃபுக்கு. சீனியர் என்றால் வெள்ளைத்தோல், ஜூனியர் என்றால் நாங்கள் என்று படிக்க எல்லோருக்கும் தெரியும். மதிலுக்கு வெளியே கேம்ப்பில் கிடந்த தொழிலாளிகளைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு வரிகூட இல்லை.

அப்பா கம்பெனி ஸ்டோரில் கணக்கர். சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சுதான். “இத்தனை வருஷம் உழைச்சும் நம்மளை மனுஷனா மதிக்க மாட்டேங்குறானுங்க” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே பொருமுவார். எனக்கும் ரத்தம் கொதிக்கும். அப்பாவை அப்போது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சி, வெட்டி, கோடு போடுகிற ஆட்களில் ஒருவன் என் சிநேகிதன். எங்கள் சிவகங்கைப் பக்கம்தான், நாலு ஊர் தள்ளி. பாஸ்போர்ட்டில் அவனுக்கு இருபத்திரண்டு வயது. நிஜத்தில் என்னைவிட ஒரு வயது மூப்பு. அவன் டூட்டி முடிந்ததும் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால், மதிலுக்கு வெளியே, சரளை மண்ணில் இருவரும் பந்து விளையாடுவோம். நான் அடிப்பேன், அவன் பிடிப்பான். “பந்தை உதைக்கிறியா, தடவிக் குடுக்குறியாடா?” என்று கிண்டல் பண்ணுவான். ஒரு பந்தை விடமாட்டான். முழங்கை, முட்டி எல்லாம் தோல் உரிந்து கிடக்கும்.

ஒரு நாள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “ஒரே ஒரு நாளு அந்தப் புல்லுல விழுந்து பாக்கணும்டா. நான் வளத்த புல்லு.”

அந்த மாதமே வாய்ப்பு வந்தது. எஞ்சினியர் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் வெள்ளிக்கிழமை ஒரு மேட்ச் என்று முடிவாயிற்று. எங்கள் கோல்கீப்பர் குடும்பத்தோடு ஊருக்கு லீவில் போயிருந்தான். எனக்கு உடனே விருந்தாளி நோட்டு ஞாபகம் வந்தது. குடியிருப்பில் இருப்பவர் தன் சொந்தக்காரரை உள்ளே அழைத்து வரலாம். கேட்டில் உள்ள நோட்டில் பெயர் எழுதி, ‘உறவு’ என்ற கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஓர் அக்கா. அந்த நோட்டின்படி அவருக்கு ஒன்பது தம்பிகள். தம்மாமில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் நீச்சல்குளத்தில் குளித்து, எங்கள் வீட்டில் பிரியாணி தின்றுவிட்டுப் போக அப்பா பெற்றெடுத்த தம்பிகள். பத்தாவதாக ஒருவன் வந்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

நோட்டில் எழுதுமுன் அப்பா ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். டூட்டி முடிந்து கேம்ப்புக்குத் திரும்புமுன் சிநேகிதனை வீட்டுக்கு அழைத்து வந்தேன். தலை வாரி, சட்டை பொத்தானெல்லாம் போட்டு வந்திருந்தான். அப்பா சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

“எந்தூருப்பா?”

ஊரைச் சொன்னான்.

“அடடே, அங்க நமக்கு ஆளுங்க உண்டே. ஊர்ல எந்தப் பக்கம்?”

நம் ஊர்ப் பேச்சைக் கேட்ட சந்தோஷம் அவனுக்கு. “கண்மாய்க்கு அங்கிட்டுங்கய்யா. ரோட்டைத் தாண்டி, கிழக்குத் தெரு” என்றான்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. “சரி, பாக்கலாம்” என்றார். அவன் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் அம்மா சொன்னாள்: “நல்லவேளை, பேப்பர் கப்புல குடுத்தேன்.”

அந்தக் கப்பை அவள் இரண்டு விரலால் தூக்கிப் போட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. தூ! கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி, சோற்றுக்கு இன்னொருவன் வாசலில் வந்து நிற்கிறோம். இதை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

“அவனை உன் பெரியப்பா மகன்னு எழுதணுமா?” என்றார் அப்பா.

“அது கம்பெனி நோட்டுப்பா. யாரு பாக்கப் போறா?”

“எழுதுறது என் கைடா.”

மேற்கொண்டு வாதாடினால் அப்பா அவன் வேலைக்கே உலை வைத்துவிடுவார் என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பொய். அப்பா அப்படியெல்லாம் மிரட்டவே இல்லை. மிரட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மேட்ச் விளையாட வேண்டும் என்ற ஆசை எனக்கு, அவ்வளவுதான். சிநேகிதனிடம், “அப்பா யோசிக்கிறாரு” என்று மழுப்பிவிட்டு, அந்த வாரம் ஜெனரேட்டர் ரூம் பக்கமே போகவில்லை.

அணிக்கு ஆள் வேண்டுமே! அதற்கும் அப்பாவே வழி செய்தார். தம்மாமில் டைப்பிஸ்டாக இருந்த எங்கள் சாதிக்காரர் ஒருவரை, முப்பது வயதும் முன்னால் தள்ளிய வயிறுமாக, பெரியப்பா மகன் என்று எழுதி வரவழைத்தார். அந்த மனுஷன் ஜென்மத்தில் பந்தைத் தொட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் நானும் அவரும் நின்றோம். காவலாளி நோட்டைப் பார்த்துவிட்டு, “யே கோன் ஹை?” என்று என்னிடம் கேட்டார். நான் அந்த ஆளின் தோளில் கை போட்டேன். அண்ணன் என்று இந்தியில் சொன்னேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

கோடு போட்டு முடித்த என் சிநேகிதன் சுண்ணாம்பு வாளியோடு அதே கேட் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தான். என் கையைப் பார்த்தான். டைப்பிஸ்டின் வயிற்றைப் பார்த்தான். எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவான், என் மூஞ்சியில் துப்புவான் என்று நின்றேன்.

“அண்ணன்தான் கோல்ல நிக்கிறாங்களா சார்?” என்றான்.

“ஆமா” என்றேன்.

“வலது போஸ்ட்டுகிட்ட தண்ணி விட்ட ஈரம் இன்னும் காயலை. வழுக்கும். பாத்து நிக்கச் சொல்லுங்க.”

சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே போய் விளையாடினேன்.