அண்ணன் துடைத்த ஜீப்புச் சத்தம்

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டாம் என்று தங்கையான நான் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். துக்க வீட்டில்கூட ஒரு மூலையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பவர் அவர்.

அண்ணன் பிறந்தது சிலமலை என்ற சிற்றூரில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை விட்டுவிட்டு, போடியில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் அந்த வருமானத்தில்தான் காப்பாற்றினார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. எழுபதுகளில் ரேடியோ, பிறகு மைக் செட், எண்பதுகளின் கடைசியில் வீடியோ கேமரா. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் எடுத்த முதல் கல்யாணம் என்னுடையது.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். என் மாமனாருக்குக் கண்பார்வை போய்ப் பல வருடமாகியிருந்தது. கல்யாணம் நெருங்கும்போது வழுக்கி விழுந்து காலையும் முறித்துக்கொண்டார். மலை இறங்க முடியாது. தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்கப் போன அண்ணனிடம், "எதுக்கு மாப்ளே தள்ளணும்? வீடியோ எடுக்கப் போறீகள்ல, அதுல எம் மகன் கல்யாணத்தக் காதால கேட்டுக்கிறேன்" என்றாராம். அண்ணனும், "கொண்டாந்து போடுறேன் மாமா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

போடியில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பாதான் அவர்கள் வீட்டு ஜீப்பை ஓட்டி வந்தார். அந்த ஜீப்பில் செல்ஃப் எடுக்காது. மலையில் எங்கே நிறுத்தினாலும் சரிவு இருக்கும், உருட்டிவிட்டால் கிளம்பிவிடும். எங்கள் பந்தலோ சமதரையில் இருந்தது. அணைத்தால் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் தள்ள வேண்டியிருக்கும் என்று பயந்து, மனிதர் பந்தலுக்குப் பின்னால் இன்ஜினை ஓடவிட்டபடியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். கேமராவுக்குள் கண்ணை வைத்திருந்த அண்ணன் அதைக் கவனிக்கவே இல்லை.

நாங்கள் மறுவீட்டுக்கு வந்த அன்று கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். தாலி கட்டுவது தெரிகிறது, கேட்பதெல்லாம் டுப்புடுப்பு. மேளம் எங்கோ தள்ளியிருக்கும் தேவாரம் ஊரில் அடிப்பதுபோல் இருந்தது. அம்மா தலையில் கை வைத்துவிட்டார்.

"கண்ணு தெரியாத மனுசனுக்கு இதையா கொண்டு போயிப் போடுவ? போன எடத்துல பிள்ளைக்கு மொதப் பேரே கெட்ட பேராப் போயிரும்டா!"

அண்ணன் மட்டும், "பொறும்மா, தொடச்சிருவோம்" என்றார். கேசட்டைப் பிரதி எடுத்து, சத்தக் குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தார். ஜீப்பு குறைந்தால் மேளமும் சேர்ந்து குறைந்தது. கடைசியில் பிரதியில் இருந்த சத்தம் முழுவதையும், கேமராவுக்குப் பின்னால் தாம் போட்ட கூச்சல் உட்பட, அழித்தார். கல்யாணத்துக்கு வந்தவர்களையே திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

கூடிய இடம் அண்ணனுடைய நண்பரின் ஏலக்காய்க் குடோன். சுற்றிலும் மூட்டைகள் அடுக்கியிருந்தால் எதிரொலி வராது என்பது அண்ணனின் கணக்கு. நடுவில் டிவி. படத்தில் யார் வாயசைக்கிறார்களோ அவர்கள் மைக் முன்னால் வந்து அதையே பேச வேண்டும். குலவை போட வந்த அத்தை கல்யாணத்தன்று கட்டிய பட்டுச் சேலையையே கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சத்தந்தானே அத்தே புடிக்கப் போறேன், பட்டு எதுக்கு?"

"பட்டுக் கட்டாம எனக்குக் குலவை வராதுப்பா. நீ வெரசா மிஷினப் போடு."

மேளக்காரர்கள் ஒரு சாப்பாட்டுக்கு வந்து வாசித்தார்கள். "கெட்டி மேளம்" என்று கத்தும் சோலியைச் சித்தப்பாவே கேட்டு வாங்கிக்கொண்டு, தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினார். படத்தில் நான் அழுகிறேன். குடோனில் எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் எல்லார் துணியிலும் ஏலக்காய் மணத்தது.

அண்ணன் டிவியையும் வீடியோ டெக்கையும் மலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் வேறொரு கல்யாணத்தை அதன்மேல் பதிவதற்காக, ஜீப்புச் சத்தம் இருந்த பழைய கேசட்டும் பையில் இருந்தது. மாமனார் தலையைச் சாய்த்துக் கேட்டார். குலவைக்குச் சிரித்தார், கெட்டி மேளத்துக்குக் கும்பிட்டார். முடிந்ததும் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் நல்லா இருக்கு மாப்ளே. எங்க ஜீப்பு எங்க?"

"அது எரைச்சல்னு தொடச்சுப்புட்டேன் மாமா."

"அட, அது வளைவுல திரும்பும்போதே எம் மகன் வந்துட்டான்னு எனக்குத் தெரியும்யா. அது இல்லாம இது யாரு வீட்டுக் கல்யாணமோன்னு இருக்கு."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பழைய கேசட்டை எடுத்துப் போட்டார். டுப்புடுப்பு வந்ததும் மாமனார் கட்டுப் போட்ட காலை மறந்து எழப் பார்த்தார். "இந்தா நிக்குதுல்ல! இத அழிச்சுறாத. எங்கிட்டயே விட்டுட்டுப் போ" என்று வாங்கிவைத்துக்கொண்டார்.

அதன்பிறகு போடியில் அண்ணன் எடுக்காத கல்யாணம் குறைவு. கடைசியாகப் படுத்திருந்த நாட்களில்கூட, பார்க்க வந்தவர்களிடம் அத்தையின் பட்டுக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் மாறி மாறிப் பக்கத்தில் இருந்த சொந்தங்களுக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும், எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இப்போது இல்லாத என் மாமனாருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். போன மாதம் இரண்டு கேசட்டையும் போட்டோம். சுத்தமான கேசட்டில் எல்லார் குரலும் இருக்கிறது, அண்ணன் இல்லை. மாமனார் வாங்கிவைத்த கேசட்டில், கேமராவை ஒட்டி, ஜீப்பையும் மீறி அண்ணன் கத்துகிறார்: "ஏ, தாலிய மறைக்காதீக! தங்கச்சி, தலைய நிமித்து!" தாலி ஏறியதும் குரல் இறங்குகிறது. நேரில் என்னிடம் ஒருநாளும் சொல்லாததை அப்போது சொல்கிறார்.

"நல்லா இரு தாயி."