நான் பிடித்த நல்ல பல்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதுரையில் ஒரு பல் டாக்டரிடம் நான் தொழில் படித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம், "ராத்திரி பல் விளக்காமப் படுக்காதீங்க" என்று சொல்வது என் வேலை. நான் மட்டும் ஒருநாளும் விளக்கியதில்லை. என் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியும், வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் டாக்டர் வெளியே போயிருந்தபோது, பேரையூரிலிருந்து ஓர் அம்மாள் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிடுங்கவேண்டிய பல்லை டாக்டர் முந்தின வாரமே காட்டியிருந்ததால், துணிந்து நானே குறடு எடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் பல் விண்ணென்று தெறித்தது. கண் கலங்கியது. அப்படியே அவர் வாயில் ஒரு பல்லைக் குறட்டால் பிடித்து அசைக்கப்போனேன்.

அந்த அம்மாள் என் மணிக்கட்டை இறுகப் பற்றி விலக்கினார்.

"தம்பி, அது நல்ல பல்லு. அதுக்குப் பின்னாடி உள்ளதுதான் வலிக்குது."

குறட்டைத் தட்டில் வைத்தேன். அவர் என் கன்னத்தைப் பார்த்தார்.

"அம்புட்டு வலிய வச்சுக்கிட்டு அடுத்தவுக வாய எப்படிப்பா பாப்பீக? டாக்டர் வரட்டும், இருக்கேன்."

டாக்டர் வந்ததும் அந்த அம்மாள், "மொதல்ல இந்தத் தம்பியப் பாருங்கய்யா" என்றார். நடந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை.

என் வாயைத் திறந்து பார்த்த டாக்டர், "நீயா ஊருக்கெல்லாம் புத்தி சொல்றே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மாள் சிகிச்சை முடிந்து போனபின், நல்ல பல்லைப் பிடித்ததை நானே டாக்டரிடம் சொன்னேன். ஒரு மாதம் எந்த நோயாளியையும் நான் தொட அவர் விடவில்லை.

இன்றும் குறடு வைக்குமுன், "எந்தப் பல்லுன்னு நீங்களே தொட்டுக் காட்டுங்க" என்கிறேன். அவர்கள் காட்டும்வரை குறட்டைக் கையில் எடுப்பதில்லை.