சுண்ணாம்புப் பொட்டு வைத்த பானை

அம்சவள்ளி கிணற்றடியில் குந்தி, புளியும் சாம்பலும் போட்டு இரண்டு வெண்கலப் பானைகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று அவளுடையது. மற்றது அவளுடைய அப்பா சுப்பராயலுவினுடையது. தன் பானையைத் தானே துலக்குவதாகத்தான் அவர் ஏற்பாடு. ஆனால் அவர் துலக்கினால் கழுத்தடிக் கரி அப்படியே இருக்கும். வானூரிலிருந்து பெரியத்தை கோவிந்தம்மாள் வருகிற நாளில் அந்தக் கரியைப் பார்த்துக்கொண்டிருக்க அம்சவள்ளியால் முடியவில்லை. அழுத்தித் தேய்த்தாள். கரி போயிற்று. தன் பானைக்கு அடையாளமாக அவர் வைத்திருந்த சுண்ணாம்புப் பொட்டும் அதோடு போயிற்று.

இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவுப் பானைகள். அவள் கல்யாணத்தின்போது சீருக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக அவரேதான் வாங்கினார்.

திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அவளுக்கு எட்டு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் சக்கரபாணி மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவன். அப்பா விழுப்புரத்தில் மகன் வீட்டில்தான் இருந்தார். மருமகள் சோற்றைக் குழைய வடிக்கிறாள் என்று ஒருநாள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தவர், ரயிலேறி மகள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேன்" என்றார். இரண்டு நாளைக்கு வருகிறவர் எதற்கு வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று அவள் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். ஜெர்மன்காரன் சண்டை தொடங்கின வருஷம் வந்தவர். இப்போது சண்டையில் அரிசிக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. அவர் போகவில்லை.

இருந்துவிட்டுப் போகட்டும். பெற்ற அப்பாவுக்குச் சோறு போட அவளுக்கு என்ன கசப்பா? அவர் சாப்பிட்டால்தானே. மகள் வயிற்றில் ஒரு பேரப்பிள்ளை பிறக்கிறவரை மகள் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவர் குடும்பத்து வழக்கம். தங்கலாம், தூங்கலாம், மருமகன் வெற்றிலைப் பெட்டியைக் காலி செய்யலாம். சோறு மட்டும் கூடாது. ஆகவே கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, தன் பக்குவத்தில் பருக்கை பருக்கையாக அவரே வடித்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் அந்தப் பானை அவளுடைய அடுப்பின் பக்கக் கண்ணான கொடியடுப்புக்கு வந்துவிடும்.

"அது என் வெறகு சூடுதானே நைனா? அதுல மட்டும் வெச்சிக்கலாமா?"

"நெருப்பு அக்கினி பகவானுது. உன் ஊட்டுக்காரன் மண்டியிலேருந்து மூட்டை கட்டிக்கினு வந்தானா?"

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி மீன் குழம்பு வைத்தால், அங்கே போய் மணை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டாள்.

"அவ ஊட்டுக்கு நான் பொண்ணு குடுக்கலியே" என்று ஏப்பம் விட்டார்.

இதை யாரிடம் சொல்லி அழுவது? சக்கரபாணியிடம் சொன்னால், "உங்க நைனா, உங்க பானை. நடுவுல நான் இன்னாத்துக்கு?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விடுவான். கொல்லையில் எழும் இரண்டாவது புகையைத் தெருவே பார்த்தது. இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்பதை ஊருக்குச் சொல்ல வேறு தமுக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்போது பெரியத்தை வருகிறாள். சக்கரபாணியின் அம்மாவுக்கு அக்கா. தாயில்லாத அவனை வளர்த்தவள். "ஒரு விஷயம் பேசணும்" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். என்ன விஷயம் என்பது அம்சவள்ளிக்குத் தெரியும். வானூர்ப் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறதாம். பெற்ற அப்பனே கை நனைக்காத வீடு என்று மட்டும் பெரியத்தைக்குத் தெரிந்துவிட்டால், இரண்டாம் கல்யாணத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆகவே காலையிலேயே அப்பாவைப் பிடித்தாள்.

"இன்னிக்கி ஒரு வேளை எங்களோட எலையில குந்து நைனா. உன் சோத்தையே உனக்குப் போடறேன். ஜல்தியா வடிச்சிட்டு அடுப்பை அணைச்சிடு. அவங்க கண்ணுல பட வேணாம்."

"கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு. நான் வெச்சது. உனக்குத்தான் ஆவாதே."

அவர் வாசனை வந்த அடுக்களைப் பக்கம் மூக்கைத் திருப்பினார். "கொழம்பு சோத்துல சேராது. சோறுதான் கணக்கு."

அவர் வடித்து முடித்ததும் அந்தப் பானையும் அடுக்களைக்குள் அவள் பானைக்குப் பக்கத்தில் போயிற்று. பெரியத்தை வந்தாள். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ் வழியில் இரண்டு தரம் நின்றுவிட்டதாம். அந்தக் கோபத்தோடு வந்தாள். மூன்று இலை போட்டார்கள். தன் வாழ்நாளில் அடுக்களைக்குள் கால் வைக்காத சக்கரபாணி அன்றைக்கென்று உதவி செய்ய வந்து, இரண்டு பானைகளையும் தூக்கி வந்து கூடத்தில் வைத்தான். எதை எந்தப் பக்கம் வைத்தான் என்று அவள் பார்க்கவில்லை. பெரியத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, வயதில் மூத்தவர் என்று அப்பாவுக்கு முதலில் பரிமாறினாள். பிறகு மற்றப் பானையில் கரண்டியைவிட்டுப் பெரியத்தை இலையில் போட்டாள். சோறு சலசலவென்று கொட்டியது.

அவள் கை நின்றது. அது அப்பா வடித்த சோறு. எதிரே அப்பா குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை விழுங்கியாகிவிட்டது.

"இன்னொரு கரண்டி போடு" என்றார் இரண்டே நிமிஷத்தில். "இன்னிக்கி பக்குவமா வந்துருக்குது."

போட்டாள். வேறு என்ன செய்வது?

பெரியத்தை ஒரு வாய் மென்றாள். இன்னொரு வாய் மென்று பார்த்தாள். "இன்னாடி இது, சோறா மணலா? எனக்கு இருக்கறதே நாலு பல்லு. புள்ளதான் இல்ல, ஒரு புடி சோறாச்சும் ஒழுங்கா ஆக்கத் தெரியக்கூடாதா?"

அம்சவள்ளி மாட்டிக்கொண்டாள். நான் வடிக்கவில்லை என்றால் கொல்லை அடுப்பு வெளியே வரும். சொல்லாவிட்டால் சோறு வடிக்கத் தெரியாதவள். புருஷனைப் பார்த்தாள். அவன் கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அப்பாவால் பொறுக்க முடியவில்லை. சோற்றுக்காக மகன் வீட்டையே விட்டு வந்தவராயிற்றே.

"சோத்துக்கு இன்னா கொறை சம்மந்தி? அரிசி அரிசியா நிக்கணும், அதான் சோறு. நானே பக்கத்துல குந்தி வடிச்சது!"

"நீங்க வடிச்சதா? பொண்ணு இருக்கச்சே நீங்க இன்னாத்துக்கு வடிக்கிறீங்க?"

"பேரப்புள்ள பொறக்காம பொண்ணு ஊட்ல நாங்க கை நனைக்கறதில்லீங்களே" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

பெரியத்தை தன் இலையைப் பார்த்தாள். எட்டி அவர் இலையைப் பார்த்தாள். "நீங்க வடிச்சது என் எலையில கெடக்குது. அப்ப உங்க எலையில இருக்கறது?"

அவர் குனிந்து பார்த்தார். மல்லிகைப்பூ மாதிரி மலர்ந்த சோறு, அதுவும் முக்கால்வாசி உள்ளே போனது. விரல்கள் அப்படியே நின்றன.

பெரியத்தை அவரை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "பெத்தவனே உன் ஊட்ல கை நனைக்கமாட்டேன்றாரு. அப்ப நான் சொல்ல வந்ததுல இன்னா தப்பு? சக்கரபாணி, அந்தப் பொண்ணு..."

"நனைச்சிட்டாரே பெரிம்மா" என்றான் சக்கரபாணி, இலையைவிட்டுத் தலை தூக்காமல். "ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கினாரு. எட்டு வருஷமா நானும் அதே சோத்தத்தான் தின்னுக்கினு வர்றேன். இனிமேலும் அதேதான். வேற பொண்ணு பேச்சு வேணாம். அம்சா, அவங்களுக்கு அந்தப் பானையில இருந்து போடு."

இதைச் சொல்ல அவனுக்கு எட்டு வருஷம். அதையும் முள் எடுத்துக்கொண்டே சொல்லவேண்டுமா என்று அம்சவள்ளிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பெரியத்தைக்கு நல்ல சோறு போட்டாள். அவள் இலையை வழித்துச் சாப்பிட்டாள். "தை மாசம் வந்து பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். சக்கரபாணி ஏற்றிவிடப் போனான்.

அடுக்களையில் இரண்டு பானைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சுண்ணாம்பு டப்பியும் கையுமாக அப்பா வந்து நின்றார். ஒன்றைத் தட்டிப் பார்த்தார், மற்றதைத் திருப்பிப் பார்த்தார்.

"எதும்மா என் பானை?"

அவள் அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள்.

"தெரியாம தின்னது கணக்குல வராது. இன்னா சொல்ற?"

சாம்பலை மூலையில் கொட்டினாள்.

"ஒரே பேஜாராப் போச்சு. நாளைக்கி நான் அடுப்பு பத்த வெக்கணுமா வேணாமா? அதையாச்சும் சொல்லித் தொலையேன்!"

அம்சவள்ளி ஒரு பானையை இடது இடுப்பிலும் மற்றதை வலது இடுப்பிலும் இடுக்கிக்கொண்டு, அவரைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.