கண்டது கபுறோடு

நிந்தவூரில் பெண்கள் மௌத்தானால், அடக்குவதற்கு முன் மையித்தைக் குளிப்பாட்டுவது இருபது வருசமாகப் பாத்துமுத்துதான். எந்த வீட்டில் படுக்கையாளியை எப்படிப் பார்த்தார்கள் என்பது டாக்குத்தருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். சவுறா கூலிக்குப் பராமரித்த மூன்று கிழவிகளையும் அவள்தான் புரட்டிக் கழுவினாள். முகத்தில் பவுடர், முதுகில் உள்ளங்கை அகலத்தில் படுக்கைப் புண். மூன்று பேருக்கும் அப்படித்தான். சுகம் விசாரிக்க வந்த சனம் முகத்தைப் பார்த்துத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனது. புரட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் கை எழவில்லை. மையித்தில் கண்டதை வெளியில் கதைப்பது பாவம், அது கபுறுக்குழியோடு போய்விடவேண்டும். பாத்துமுத்து கதைக்கவில்லை. ஊர் சவுறாவைத் தங்கமான பிள்ளை என்றது.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நாலில் பாத்துமுத்துவுக்கே வாதம் வந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுப்போனது. குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மகள் கசட்டில் பேசி அனுப்பினாள்.

"உம்மா, உங்களப் பாக்கச் சவுறாவைக் கேட்டிருக்கன். நீங்க எல்லா வீட்டுக்கும் போய்வந்த ஆள். அவ எப்பிடியெண்டு நீங்களே சொல்லுங்க."

பதில் பதிய மருமகன் ரேடியோவின் சிவப்புப் பொத்தானை அமத்தினார். நாடா சுற்றத் தொடங்கியது. அந்த மூன்று முதுகுகளும் அவள் நினைவுக்கு வந்தன.

"அவவப் பத்தி ஒருத்தரும் குறை சொல்லல்ல, மகள்" என்றாள்.

அடுத்த கிழமை சவுறா வந்தாள். முதல் வேலையாகப் பாத்துமுத்துவின் முகத்துக்குப் பவுடர் பூசினாள்.

இனி இந்த முதுகைக் காணப்போகிறவள், அவளுக்குப் பிறகு மையித்துக் குளிப்பாட்டும் றைஹானாதான். அவளும் வாய் திறக்கமாட்டாள். அப்படிப் பழக்கியதே பாத்துமுத்துதான்.