கம்பெனி இளைத்த கதை

என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை சென்னைப் பக்கம் ஒரு பெரிய கார் கம்பெனியில் மேனேஜராக இருந்தார். விருத்தாசலத்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் கம்பெனியையும் தலையில் சுமந்துகொண்டுதான் வருவார். மாமனார் வீட்டில் மாப்பிள்ளை சொல்வதை மறுத்துப் பேசும் வழக்கம் எங்களிடம் இல்லை. மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தலையாட்டியே கழுத்துவலி வாங்கியவன் நான்.

முதலில் எல்லாம் ஒரே பெருமை. எந்தெந்த நாட்டில் தொழிற்சாலை, எத்தனை மாடல் என்று அடுக்குவார். போன தீபாவளிக்கு வந்தபோது பேச்சு மாறிவிட்டது. கம்பெனி கண்டபடி வீங்கிவிட்டதாம், இனிமேல் சின்னதாக ஆனால்தான் பிழைக்குமாம்.

"ஒடம்புல கொழுப்பக் கொறைக்கிற மாதிரிதான் மாமா" என்றார், இன்னொரு அதிரசத்தை எடுத்துக்கொண்டே.

சின்னதாவதில் எனக்கு மறுப்பில்லை. நானும் ஒரு செராமிக் யூனிட் வைத்திருக்கிறேன். பொம்மை, ஊறுகாய் ஜாடி, பீங்கான் ஃபியூஸ் என்று எல்லாவற்றிலும் கையை வைத்து எதுவும் உருப்படாமல், ஃபியூஸ் மட்டும் போதும் என்று முடிவெடுத்த பிறகுதான் மூச்சு விட்டேன். ஆனால் நான் நிறுத்தியது சரக்கை. ஜாடி செய்த பெண்களை ஃபியூஸுக்குப் பிசிறு தேய்க்க உட்காரவைத்தேன். கார் கம்பெனியில் எதை நிறுத்துகிறார்கள் என்று மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். யாரும் வாங்காத, கப்பல் மாதிரி ஒரு கார் இருக்கிறதாம். முதலாளிக்குப் பிடித்தது என்பதால் அதைத் தொடமாட்டார்களாம். போல்ட் முடுக்குகிறவர்கள் மட்டும் வெளியே போவார்களாம். யார் போவது என்று முடிவு செய்யும் இடத்தில் எங்கள் மாப்பிள்ளை. ஆபீசில் இருப்பவர்கள் யாராவது போகிறார்களா என்றதற்குச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கம்போலத் தலையாட்டினேன்.

பொங்கல் கழிந்து மகள் போன் செய்தாள். ஆபீசும் இளைத்துவிட்டது. முடிவு செய்கிறவர்கள் அதிகமாக இருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் மேலே யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

"வேற வேலை கெடைக்கிற வரைக்கும் அவர நம்ம யூனிட்டுல வச்சிக்குங்கப்பா. வூட்டுல சும்மா ஒக்காந்திருந்தா ஒடஞ்சி பூடுவாரு" என்று அழுதாள். இரண்டு பேரையும் கிளம்பி வரச் சொன்னேன்.

ரயிலை விட்டு இறங்கியவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு யூனிட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு ஃபியூஸையாவது கையில் எடுத்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? பார்த்ததெல்லாம் ஆட்களை. அப்புறம் நேராக என் மேசைக்கு வந்தார். மகள் அப்போதுதான் டீ கொண்டுவந்தாள்.

"மாமா, இங்க எட்டுப் பேரு எதுக்கு? அஞ்சு பேரு போதும். சின்னதாக்கிட்டா யூனிட்டு நல்லா வரும்."

பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"அந்த அஞ்சு பேருல நீங்க இல்லீங்க, மாப்பிள்ள" என்றேன்.

மகள் டீயை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனாள். அவளுக்காக என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொன்னதை மட்டும் நான் திரும்ப எடுக்கவில்லை.