வெருகல் பாட்டில் சோபனாவின் பங்கு

பாலையூற்று முன்பள்ளி ஆசிரியை சோபனாவுக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ளக் குரல் ஒன்றுதான் உண்டு. அதுவும் கிருஷாந்தின் கொம்பியூட்டருக்குள் இருக்கிறது.

கிருஷாந்த், வீட்டின் பின்னறைச் சுவரில் முட்டை வைக்கும் மட்டைகளை ஒட்டி ஸ்ரூடியோ நடத்தும் பெரிய மனிதர். வெருகல் முருகன் மீது அவர் செய்த பாட்டைச் சோபனாதான் பாடினாள். திருவிழாக் காலம் முழுவதும் ஓட்டோக்களில் அது ஓடியது. சோபனாவின் பெயர் மட்டும் எங்கும் ஓடவில்லை.

கொழும்பில் ஓர் இசையமைப்பாளர் அதைக் கேட்டுவிட்டு, பாடியது யார் என்று விசாரித்துச் சோபனாவைப் பிடித்தார். புதுப் பாட்டு ஒன்றுக்குப் பாடகி தேடுவதாகவும், இசை கலக்காத குரலை மட்டும் ஒரு வாரத்துக்குள் அனுப்பும்படியும் சொன்னார். போனில் பாடி அனுப்பினால் கேட்கமாட்டாராம். நாற்பதை நெருங்குகிறவளுக்கு இன்னொரு முறை இப்படி அழைப்பு வராது. சோபனா கிருஷாந்திடம் ஓடினாள்.

"தம்பி, என்ர குரலை மட்டும் தனியா எடுத்துத் தாங்கோவன்."

"ஏலாது அக்கா. குரல் உங்கட, ஓம். ஆனா ஃபைல் என்ர. வெளியில குடுத்தா ஆரும் களவெடுத்துப் போடுவாங்கள்."

களவைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாட்டின் தபேலாவும் புல்லாங்குழலும் இணையத்தில் யாரோ வாசித்து வைத்தவை. வாசித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க, பாவம், அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

போன் திருத்தும் தாஹிர்தான் கைகொடுத்தான். "கவலப்படாதீங்க டீச்சர். பாட்டத் தாங்க. குரலையும் மியூசிக்கையும் பிரிக்க ஆப் இருக்கு."

பிரித்தான். தபேலா போனது, புல்லாங்குழல் போனது. சோபனாவின் குரல் துலக்கமாக நின்றது. கூடவே இன்னொரு குரலும் நின்றது. பாட்டை யாரும் தூக்கிவிடக்கூடாது என்று, ஒவ்வொரு சரணத்தின் மேலும் கிருஷாந்த் தன் கனத்த குரலில் "இது கிருஷாந்த் டிஜிட்டல்" என்று பேசி வைத்திருந்தார். அதுவும் மனிதக் குரல்தான் என்று ஆப் நம்பிவிட்டது. வெட்டினால் சோபனாவின் வரியும் சேர்ந்து போகும். அன்றுதான் கடைசி நாள். அப்படியே அனுப்பினாள்.

சில நாட்களில் பதில் வந்தது. "நன்றாகப் பாடியிருக்கிறீர்கள். இம்முறை வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டோம். இடையில் பேசுகிறவர் யார்? எங்கள் விளம்பரம் ஒன்றுக்கு அவருடைய குரல் வேண்டும்."

சோபனா குசினிக்குள் போய் அழுதாள். நானாக இருந்தால் போனை நிறுத்திவிட்டுப் படுத்திருப்பேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கிருஷாந்தின் இலக்கத்தை அனுப்பிவிட்டாள். இந்த நல்ல குணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விளம்பரம் கிருஷாந்துக்கே கிடைத்தது. மறுநாள் அவர் சோபனாவின் வீட்டு வாசலில் நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அக்கா, அதில இருக்கிறது என்ர குரல். என்னை ஒரு சொல்லுக் கேக்காம எப்பிடி வெளியில அனுப்பினீங்கள்?"

"பிழைதான் தம்பி," என்று சோபனா மன்னிப்புக் கேட்டாள்.