அண்ணியின் சதுர ஓட்டைக் காசுகள்

எங்கள் அண்ணி வீடு வீடாகப் போய் அளவெடுத்து ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவர். ஒரு வீட்டில் பழைய திரையைக் கழற்றியபோது அடிமடிப்புக்குள் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தால், காற்றில் திரை பறக்காமலிருக்க யாரோ வரிசையாக வைத்துத் தைத்த பித்தளைக் காசுகள். நடுவில் சதுர ஓட்டை, அதைச் சுற்றி நாலு சீன எழுத்து. வீட்டுக்காரம்மா, “குப்பைதானே, நீங்களே எடுத்துக்கோங்க” என்றுவிட்டார். அண்ணிக்குக் காசுப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு பழைய சாமான் கடை ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. நூலகத்தில் தூசி படிந்து கிடந்த நாணயப் புத்தகத்தைக் கொண்டுவந்து, எம்பிராய்டரி டிசைன் எடுப்பதுபோல அந்த எழுத்துகளை டிரேசிங் தாளில் வரைந்து வரைந்து பழகினார். மேலும் கீழும் இருப்பவை எந்த அரசரின் ஆட்சி என்று சொல்லும். வலமும் இடமும் இருப்பவை புழங்கும் பணம் என்று சொல்லும். பின்பக்கம்தான் எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை. அங்கே இருப்பது அப்போது சீனாவை ஆண்ட மஞ்சூ வம்சத்தாரின் எழுத்து. காசு எந்த ஊரில் வார்த்தது என்பதை அதுதான் காட்டும். “புழு நெளியிற மாதிரி இருக்கு” என்று திருப்பி வைத்துவிடுவார்.

அண்ணன் பஸ் டிரைவர். செல்லாத காசை வைத்துக்கொண்டு ராஜாங்கம் நடத்துகிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கிண்டலடிப்பார். ஆனால் வழியில் ஓட்டைக் காசு கண்ணில் பட்டால் வாங்காமல் வரமாட்டார்.

ஒருமுறை அண்ணி ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டில் தனியாக இருந்த அண்ணனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வந்ததும் அசந்துபோகட்டும் என்று அத்தனை காசையும் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்து, பளபளவென்று மேஜையில் பரப்பி வைத்துவிட்டார்.

நான்தான் அண்ணியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தேன். மேஜையைப் பார்த்ததும் அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். காலங்காலமாகப் படிந்த பழுப்பையும் பச்சையையும் வைத்துத்தான் எது பழசு, எது போலி என்று பாதி கண்டுபிடிப்பார். அது மொத்தமும் போயிருந்தது. அண்ணனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அண்ணி ஒரு காசை எடுத்துத் தடவிப் பார்த்தார். “எல்லாத்தையும் நீங்களேவா தேச்சீங்க? கை வலிச்சிருக்குமே” என்றார்.

விஷயத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பக்குவமாகச் சொன்னார். அண்ணன் முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நாள் அந்த மேஜைப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. பிறகு, யாரும் சொல்லாமலே, நூலகப் புத்தகத்தைத் தானே எடுத்து வந்து பின்பக்க எழுத்துகளைப் படிக்க உட்கார்ந்தார். எதிரே வருகிற பஸ்ஸின் பலகையைத் தூரத்திலேயே படித்துப் பழகிய கண்கள். “இதுவும் போர்டுதாம்மா. எந்த டிப்போவிலேருந்து கிளம்பிச்சுன்னு எழுதியிருக்கான்” என்றார். அண்ணி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது முன்பக்கம் அண்ணிக்கு, பின்பக்கம் அண்ணனுக்கு. போன வாரம் நான் போனபோது, தேய்ந்துபோன ஒரு காசு தலைநகரத்தில் வார்த்ததா வேறு ஊரிலா என்று இருவருக்கும் வாக்குவாதம். ஆளுக்கொரு பூதக்கண்ணாடியோடு என்னைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார்கள். நான் டீ போடுகிறேன் என்று நழுவிவிட்டேன். டீ ஆறி ஏடு படிந்த பிறகும் அவர்கள் நிமிரவில்லை.